கண்ணாடிக்கு அடியில் ஒரு சுற்றறிக்கை

தேர்தல் அறிவிக்கப்பட்டால் உரிமம் பெற்றவர்கள் தங்கள் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஆனால் துப்பாக்கி சுடும் சங்கத்தில் உறுப்பினராக இருந்து போட்டிகளில் பங்கேற்கும் விளையாட்டு வீரர்களுக்கு இது பொருந்தாது. விதியின் சாரம் இவ்வளவுதான். இரண்டே வாக்கியம், நடுவில் ஓர் ‘ஆனால்’. பணிக்காலத்தின் கடைசிப் பகுதியை ஆயுத உரிமப் பிரிவில் கழித்த எனக்கு அந்த ‘ஆனாலு’க்கு முன்னால் இருப்பதும் தெரியும், பின்னால் இருப்பதும் தெரியும். தெரியாமல் தவறு செய்தவர்களுக்கு அரசாங்கம் ஒரு மெமோ கொடுத்து விட்டுவிடும். தெரிந்து செய்தவனுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே கொடுப்பதில்லை.

இந்த விதி நினைவுக்கு வரும்போதெல்லாம் கூடவே ஓர் எவர்சில்வர் டிபன் டப்பாவும் நினைவுக்கு வருகிறது. அதை என் மேஜைமேல் வைத்தவர் ஒரு டிரில் டீச்சர். ஆந்திராவில், நாராயணவனத்துக்குப் பக்கத்துக் கிராமம். தனியார் பள்ளி ஒன்றில் ஒப்பந்த வேலை. டப்பாவுக்குள் சோறு இல்லை. மஞ்சள் துணியில் சுற்றி, குழந்தையின் முஷ்டி அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருள் இருந்தது. குறி பார்ப்பதற்காகப் போட்டித் துப்பாக்கியின் பின்பக்கம் பொருத்துவது. பீப் சைட் என்பார்கள். கண்ணாடி வில்லை எதுவும் கிடையாது. நடுவில் ஊசி குத்தியது போல ஒரு துளை, மேலேயும் பக்கவாட்டிலும் திருகுகள். திருகை ஒரு ‘கிளிக்’ நகர்த்தினால், ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையில் குண்டு விழும் இடம் ஒரு நெல்மணி அகலத்துக்கு நகரும். அவர் எந்த வெயிலுக்கு எத்தனை கிளிக், எந்தக் காற்றுக்கு எத்தனை கிளிக் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதுவும் டப்பாவோடு வந்திருந்தது.

கல்லூரி என்.சி.சி.யில் சுடக் கற்றவர். பல ஆண்டுகள் துப்பாக்கி சுடும் கிளப்பின் பழைய துப்பாக்கியில், பத்துப் பேர் கன்னம் வைத்துத் தேய்ந்த கட்டையில் தன் கன்னத்தையும் வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார். குவைத்தில் லாரி ஓட்டும் தம்பியின் உதவியால்தான் புது .22 ரைபிளும் இந்த சைட்டும் சங்கத்தின் வழியாக ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்தன. உரிமம் என் பிரிவு வழியாகத்தான் போனது. அப்போது எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

தேர்தல் அறிவிப்பு வந்த வாரத்தில்தான் சிக்கல். சீருடைப் படை ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் தகுதிப் போட்டி, சரியாக மூன்று வாரத்தில். டீச்சருக்கு வயது வரம்பு அந்த ஆண்டோடு முடிகிறது. ஜெயித்தால் நிரந்தர வேலை. தோற்றால் ஜூன் மாதம் வந்தால் வேலை இருக்குமா என்று கரஸ்பாண்டன்ட் முகத்தைப் பார்க்கிற அதே வாழ்க்கை. காவல் நிலையத்திலிருந்து ஒப்படைக்கச் சொல்லி ஆள் வந்ததும் பயந்துபோய் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார். சைட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். கிளப்பின் பழைய துப்பாக்கியில் அதைப் பொருத்திச் சமாளித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். ஸ்டேஷன் ரைட்டர் எனக்கு போன் செய்தார்.

“சார், பில்லுல ரைபிள் வித் சைட்டுன்னு இருக்குது. அந்தம்மா சைட்ட வச்சிக்கினு துப்பாக்கிய மட்டும் குடுத்துட்டுப் போயிட்டுது. இன்னா பண்றது?”

“பில்லில் உள்ளது எல்லாம் வர வேண்டும்” என்றேன். யோசிக்க ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. அது என் திறமை என்று அலுவலகத்தில் பெயர்.

மறுநாள் காலை டீச்சரும் அவர் அப்பாவும் பஸ் பிடித்துச் சித்தூருக்கு வந்துவிட்டார்கள். அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். தவறு கட்டடத்துடையது அல்ல. அப்பா வாசற்படிக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோரம் நின்றார். டீச்சர் நான் சொல்வதற்கு முன்பே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கல்லூரி முடித்த பெண், ஆறு மணி நேரம் வகுப்பில் நிற்கிறவர், நாற்காலியைப் பார்த்தால் உட்காரத்தான் செய்வார். ஆனால் அதை நான் கவனித்தேன். கவனித்தேன் என்பதையும் கவனித்தேன். மனுவில் ஊர்ப் பெயரைப் படித்தபோது, அந்த ஊரில் எந்தத் தெரு என்று என் மனம் கேட்காமலே கணக்குப் போட்டு முடித்திருந்தது. மேடைகளில் சமத்துவம் பேசி நிறையக் கைதட்டல் வாங்கியவன் நான்.

“சார், வெளையாட்டுக்காரங்களுக்கு இதுல வெலக்கு இருக்குதுன்னு கோச்சு சொன்னாரு” என்றார் டீச்சர்.

“இருக்கலாம்மா. பார்க்கணும்.”

“துப்பாக்கி வேணாம் சார், அது அங்கியே இருக்கட்டும். இத மட்டும் வச்சிக்கிறேன். போட்டி முடிஞ்ச அன்னைக்கே கொண்டாந்து குடுத்துடறேன்.”

“ஆயுதத்தின் பாகமும் சட்டப்படி ஆயுதம்தான்.”

“இத வச்சி ஒரு காக்காவக்கூட சுட முடியாது சார்!”

சுவரோரத்திலிருந்து அப்பா மெதுவாகச் சொன்னார்: “சார், ராத்திரி பகலா இதுலதான் பாத்துக்கினு கெடந்துச்சி. வேற ஒண்ணுல பாக்கச் சொன்னா அதுக்கு கை வராது சார்.”

“நைனா, நீ சும்மா இரு” என்றார் மகள்.

இதில் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. என் மேஜைமேல் கனமான கண்ணாடி போட்டிருக்கும். அதற்கு அடியில் டெலிபோன் பட்டியல், விடுமுறைப் பட்டியல், அடிக்கடி தேவைப்படும் சுற்றறிக்கைகள். விலக்கு பற்றிய சுற்றறிக்கை அங்கேதான் இருந்தது, அந்த வரிக்கு நானே சிவப்பு மையில் கோடு போட்டது. டிபன் டப்பா அதற்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. நான் ரைட்டிங் பேடை எடுத்து, “ஒரு மனு எழுதிக் கொடும்மா, மேலே அனுப்பித் தெளிவுரை கேட்கிறேன்” என்று சொல்லி, அந்தப் பேடைச் சுற்றறிக்கையின் மேலேயே நகர்த்தி வைத்தேன். அதன்மேல் வைத்துத்தான் அவர் மனு எழுதினார். தெலுங்கில் நானே சொல்லச் சொல்ல எழுதினார். நல்ல மனு. எழுத்துப் பிழை ஒன்று இருந்தது, திருத்திக்கூடக் கொடுத்தேன்.

ஏன் செய்தேன்? விலக்கு கொடுத்து நாளைக்கு ஏதாவது கேள்வி வந்தால் குறிப்பில் இருப்பது என் கையெழுத்து என்ற பயம் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் என்பதற்குச் சாட்சி அதே நாள் காலை பத்தரை மணி. பலமனேர் ரோட்டில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரிய வீட்டுக்காரர் வந்திருந்தார். அவரிடம் வேட்டைக்கென்றே செய்த ரைபிள். அதன்மேல் மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த புதுத் தொலைநோக்கி. இருட்டு வேளையிலும் முந்நூறு அடிக்கு அப்பால் பன்றியின் காது மயிர் தெரியும் என்று மேஜைக்கு மேல் சாய்ந்து பெருமையாகச் சொன்னார். விதிப்படி அவர்தான் முதலில் ஒப்படைக்க வேண்டியவர்.

“ஏம்ப்பா, காட்டுப் பன்னிக்கு எலெக்‌ஷன் கோடு தெரியுமா?” என்று கேட்டார்.

அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பயிர்ப் பாதுகாப்பு என்று ஒரு வரி எழுதி, காபி ஆறுவதற்குள் குறிப்பு தயார் செய்து மேலே வைத்து, கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தேன். யாரிடமும் தெளிவுரை கேட்கவில்லை. அவரை “வாங்க, உட்காருங்க” என்றுதான் வரவேற்றேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கொல்லக்கூடிய தொலைநோக்கி வீட்டுக்குப் போனது. அட்டையில் துளை போட மட்டுமே உதவும் பீப் சைட் அன்று மாலை ஸ்டேஷனுக்குப் போனது.

டீச்சரும் அப்பாவும் போன பிறகு டபேதார் உள்ளே வந்து டம்ளர்களை எடுத்தார். “சார், அந்தம்மா துப்பாக்கியக்கூட குடுத்துட்டுது, டப்பாவத்தான் கெட்டியா புடிச்சிக்கினு போவுது” என்றார். “போப்பா, வேலையைப் பார்” என்றேன்.

தெளிவுரை கேட்கும் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாம். தபாலில் அனுப்பினேன். நினைவூட்டல் அனுப்பவில்லை. கோப்பைத் தாமதப்படுத்துவதற்குக் கடுமையான வார்த்தை எதுவும் தேவையில்லை. மரியாதையான வார்த்தைகளே போதும். இதை நான் இளநிலை உதவியாளர்களுக்குப் பாடமாகவே சொல்லித் தந்திருக்கிறேன்.

டீச்சர் கிளப்பின் துப்பாக்கியோடும் கிளப்பின் ஆடிப்போன பழைய சைட்டோடும் போட்டிக்குப் போனார். வாக்குப்பதிவெல்லாம் முடிந்து துப்பாக்கியைத் திரும்பப் பெற உத்தரவு வாங்க வந்தபோது, வராந்தாவில் டபேதார் கேட்டது என் காதில் விழுந்தது.

“இன்னாம்மா ஆச்சு?”

“போச்சுண்ணா. ஒரு எடம் கீழ.”

நான் தலையை நிமிர்த்தவில்லை. உத்தரவில் கையெழுத்து வாங்கி டபேதார் மூலமாகவே கொடுத்தனுப்பினேன்.

இதோடு முடியவில்லை. ஸ்டேஷனில் ஒரு வயதான கான்ஸ்டபிள், பொறுப்பானவர். கிராமத்துக் கட்டைத் துப்பாக்கிகளோடு டீச்சருடையதும் துருப்பிடித்துவிடக் கூடாதென்று எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார். சைட்டின் துளைக்குள்ளும் தாராளமாக ஊற்றியிருக்கிறார். திருகுகள் லூசாக இருப்பதாக நினைத்து, இறுகும்வரை முறுக்கியும் வைத்திருக்கிறார். ரைட்டர் இதைப் போனில் சொன்னபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பகலுணவு வேளையில் மற்றவர்களுக்கும் சொல்லிச் சிரிக்க வைத்தேன். கான்ஸ்டபிள் பாவம், தனக்குத் தெரிந்த அக்கறையைக் காட்டினார். அந்தக் கதையில் சிரிப்புக்குரிய ஆள் அவர் அல்ல என்பது எனக்குப் புரிய ஓய்வு பெற வேண்டியிருந்தது.

தகுதிப் போட்டி முடிந்து நாலாம் நாள் மேலிடத்திலிருந்து தெளிவுரை வந்திருந்தது. இரண்டே வரி. விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு உண்டு என்று விதியிலேயே தெளிவாக இருக்கும்போது இது ஏன் அனுப்பப்பட்டது என்று கேட்டிருந்தார்கள். ‘பார்த்தேன், கோப்பில் சேர்க்கவும்’ என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன். கேள்விக்கு யாரும் பதில் எதிர்பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு சால்வை, சந்தன மாலை, ‘விதிகளின் நடமாடும் நூலகம்’ என்று பாராட்டு மடல். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சென்ற ஆண்டு பேத்தியின் பள்ளி விழாவுக்காகத் திருப்பதி போயிருந்தேன். மைதானத்தின் ஓரத்தில் கயிறு கட்டி, ஏர் ரைபிள் போட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள். குப்புறப் படுத்திருந்த ஒரு பெண்ணின் முழங்கையைக் காலால் லேசாகத் தள்ளிச் சரிசெய்துகொண்டிருந்தவர் அந்த டிரில் டீச்சர். நரை கொஞ்சம் வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் நேராக வந்து வணக்கம் சொன்னார்.

“இங்க வாங்கடீ. இவருதான் துப்பாக்கி சட்டம் மொத்தமும் தெரிஞ்ச சாரு. வணக்கம் சொல்லுங்க” என்று பெண்களைக் கூப்பிட்டார். குரலில் கிண்டல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அதுதான் தாங்க முடியாமல் போனது. தாங்க முடியாதபோது என் போன்றவர்கள் செய்வதையே நானும் செய்தேன், பொய் சொன்னேன்.

“அன்னைக்கு அந்தச் சுற்றறிக்கை என் கைக்கு வந்திருந்தா, உனக்கு உடனே செஞ்சிருப்பேம்மா.”



“கண்ணாடிக்கு அடியில இருந்திச்சே சார். செவப்புக் கோடு போட்டு. நீங்க பேட நவுத்தறதுக்கு முன்னாடியே படிச்சிட்டேன். பசங்க பரிச்சைப் பேப்பர எதிர்ல நின்னு தலைகீழா படிச்சிப் படிச்சிப் பழக்கம் எனக்கு.”

“ஏம்மா சொல்லலே?”

“சொல்லிட்டு? லைசன்ஸ் ரினிவலும் உங்க கையாலதான சார் வரணும். நீங்க கோவிச்சிக்கினா இருந்த துப்பாக்கியும் பூடும்னு நைனா பயந்துகினு இருந்தாரு. நானுந்தான்.” பிறகு உடனே பேச்சை மாற்றி, “டிபன் துன்னுட்டீங்களா சார்? ஸ்கூல்ல பொங்கல் குடுக்கறாங்க” என்றார்.

ஆக, நான் மறைத்த தாளின் மேலேயே, அது என்ன தாள் என்று தெரிந்தே, நான் சொல்லச் சொல்ல அந்த மனுவை எழுதியிருக்கிறார். எழுத்துப் பிழையை நான் திருத்திக் கொடுத்ததற்கு அன்று நன்றி வேறு சொன்னார்.

வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கடிதம் எழுதினேன். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து இன்னொன்று. அதற்கும் இல்லை. அவர் என்னைக் காக்க வைக்கிறார் என்று நினைத்து, அதில் ஒரு நியாயம் இருப்பதாகவும் நினைத்தேன். உண்மையில் அவருக்கு என்னைப் பற்றி நினைக்க நேரம் இருந்திருக்காது.

கடைசியில் பதில் வந்தது. பள்ளி நோட்டில் கிழித்த ஒரு தாள். மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தன் மாணவி ஒருத்திக்குப் புதிதாக .22 உரிமம் கிடைத்திருக்கிறது, உள்ளாட்சித் தேர்தல் எப்போது வேண்டுமானாலும் வரலாம், அந்தப் பெண்ணுக்கும் போட்டிகள் இருக்கின்றன என்று எழுதியிருந்தார். “சார், அந்த விதியத் தெலுங்குல எழுதி, போன தடவ எனக்கு வெலக்கு இருந்தும் நீங்க குடுக்கலன்னும் எழுதி, உங்க பேரும் நீங்க பாத்த வேலையும் போட்டுக் கையெழுத்துப் பண்ணி அனுப்புங்க. எந்த ஆபீசரு கேட்டாலும் காட்டறதுக்கு ஆவும். நீங்க எழுதினா கேப்பாங்க.”

மன்னிப்பு கேட்பது எளிது; அது இரண்டு பேருக்குள் முடிந்துவிடும். இது முத்திரையில்லாத வாக்குமூலம், எனக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தவர்கள் படிக்கப்போவது. முதல் வரைவில் ‘கவனக்குறைவால்’ என்று எழுதினேன். கிழித்தேன். இரண்டாவதில் ‘பணிச்சுமை காரணமாக’. அதையும் கிழித்தேன். மூன்றாவதில், விதி என் கண்ணெதிரே இருந்தது, அதை நான் மறைத்தேன், அதே நாளில் விலக்குப் பெறத் தகுதியில்லாத ஒருவருக்கு விலக்கு வாங்கிக் கொடுத்தேன் என்று எழுதி, முழுப் பெயரும் பதவியும் போட்டேன். இரண்டு படிகள் எடுத்தேன். ஒன்று டீச்சருக்கு, ஒன்று நான் வேலை செய்த அலுவலகத்துக்கு. எந்தக் கடிதத்துக்கு இது பதில் என்று எண்ணும் தேதியும் போட்டு மேலே குறிப்பிட வேண்டும் என்பது முறை. டீச்சரின் தாளில் இரண்டும் இல்லை. கிடைத்த நாளைக் குறிப்பிட்டேன்: ‘தங்கள் கடிதம், கிடைக்கப்பெற்றது புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.’