காதர் அண்ணனுக்கு எந்த அருவி?

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் என் போனுக்கு ஓய்வே கிடையாது. பத்தி எழுதுகிறவள் என்ற மரியாதைக்காக யாரும் கூப்பிடுவதில்லை. தென்காசியில் இருக்கிறேனே... அதற்காக!

"கோமதி, எந்த அருவியிலே தண்ணி நல்லா விழுது? எங்களுக்கு ஒரே நாள்தான் இருக்கு. எதுக்குப் போகலாம், எதை விட்டுடலாம்?"

சென்னையில் இருந்து கேட்பார்கள். கோயம்புத்தூரில் இருந்து கேட்பார்கள். போன வருஷம் ஒருத்தி அமெரிக்காவில் இருந்து கேட்டாள். அவள் மாமியார் வருகிறாராம்!

நானும் அசராமல் சொல்வேன். குழந்தை குட்டியோடு வருகிறீர்களா, புலியருவிக்குப் போங்கள். முதுகில் நாலு அடி வாங்க ஆசையா, பழைய குற்றாலம். சித்தப்பா பெரியப்பா குடும்பமெல்லாம் வேனில் வந்து இறங்கினால் ஐந்தருவி... ஆளுக்கொரு கிளையில் நின்றுகொள்ளலாம். முதல் தடவை வருகிறவர் என்றால் யோசனையே வேண்டாம், மெயின் அருவி. செண்பகாதேவி, தேனருவி என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும், "அதெல்லாம் மலைக்கு மேலே, காட்டிலாகா விடாது" என்று போனை வைத்துவிடுவேன்.

இப்படி ஊருக்கெல்லாம் அருவி பங்கு வைத்துக் கொடுக்கும் எனக்கு இந்த சீசனில் ஒரு சோதனை வந்தது. எங்கிருந்து? பக்கத்து வீட்டில் இருந்து!

பக்கத்து வீட்டு காதர் அண்ணன் சவுதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். குற்றாலத்தில் சீசன் எப்போது? ஜூன், ஜூலை, ஆகஸ்ட். சவுதியில் ஏசி ராத்திரி பகலாக ஓடி, மூச்சு முட்டி, ரிப்பேர் ஆவது எப்போது? அதே ஜூன், ஜூலை, ஆகஸ்ட்! அந்த நேரத்தில் ஏசி மெக்கானிக்குக் கம்பெனி லீவு கொடுக்குமா? பைத்தியமா அவர்களுக்கு?

அதனால் அண்ணன் ஊருக்கு வருவதெல்லாம் மாசி மாதத்தில்தான். மாசியில் நம் மெயின் அருவியைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதீர்கள். மனசு கஷ்டப்படும். பாறை மட்டும் நிற்கும்.

ஆக, குற்றாலத்துக்கு டவுன் பஸ் போகிற தூரத்தில் பிறந்து வளர்ந்த மனிதர், கல்யாணத்துக்குப் பிறகு ஒரு சீசனில்கூட அருவியில் நின்றதில்லை. ஆனால் பேச்சு? அடேயப்பா! தம்மாமில் அவரோடு ரூமில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் குற்றாலம் மனப்பாடம். வெளியே அனல் காற்று அடிக்கும்போது அண்ணன் உள்ளே சாரலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாராம்.

அந்த ரூமில் இருந்தவர்தான் ஷாஜி. புனலூர்க்காரர். செங்கோட்டை தாண்டி கேரளப் பக்கம் மலை இறங்கினால் அவர் ஊர். அண்ணனை மலையாள முறையில் 'இக்கா' என்றுதான் கூப்பிடுவார். அவர் குற்றாலத்துக்கு ஒரே ஒரு தடவை வந்திருக்கிறார். எப்போது? ஏப்ரல் மாதத்தில்! விளங்குமா?

"இக்கா, நான் வந்து பார்த்ததுதானே. எங்க வீட்டு டாங்க் நிறைஞ்சு வழிஞ்சா இதைவிடக் கூடுதல் வெள்ளம் விழும்" என்று வருஷக்கணக்கில் அண்ணனை ஓட்டியிருக்கிறார். (வெள்ளம் என்றால் அவர்களுக்குத் தண்ணீர்.) அதோடு விட்டாரா? "உங்க அருவியே எங்க மழைதானே" என்று ஒரு குத்து வேறு. இதை அண்ணன் என்னிடம் சொன்னபோது எனக்குச் சுருக்கென்று வந்தது. மழை யாருடையதாக இருந்தால் என்ன ஐயா, விழுவது எங்கள் ஊரில்!

ஷாஜி இப்போது சவுதியை விட்டு வந்து புனலூரில் பேக்கரி வைத்திருக்கிறார். காதர் அண்ணனுக்கும் இந்த வருஷம் என்ன மாயமோ, புது மேனேஜர் வந்து, ஆடி மாதத்தில் பத்து நாள் லீவு கொடுத்துவிட்டார். பத்தே நாள். வந்து இறங்கியதும் அண்ணன் ஷாஜிக்குத்தான் போன் போட்டார்.

"ஏலே ஷாஜி, ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரியக் கூட்டிக்கிட்டு வா. உன் மண்டையிலே விழட்டும். அதுக்கப்புறம் பேசுலே!"

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அண்ணனுக்கும் கடைசி நாள். மறுநாள் விடியற்காலையில் திருவனந்தபுரத்தில் பிளைட். சாயங்காலம் ஷாஜியின் காரிலேயே கிளம்பி, புனலூர் வழியாகப் போய்விடுவதாகத் திட்டம்.

அந்த வாரம் முழுக்க அருவியில் தண்ணீர் விழுந்தது பாருங்கள்... அளவெடுத்து ஊற்றிய மாதிரி! வெயில் தலைகாட்டவில்லை. எந்த அருவியிலும் தடையில்லை. ஒரு நாள் காலையில் காதர் அண்ணனின் மனைவி நூர் மதினி, மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி கோமதி, இந்த மனுசரை என்னன்னு கேளு. தினமும் மெயின் அருவிக்குப் போறாரு. நின்னு பாக்காரு. காஞ்ச தலையோட திரும்பி வாராரு!"

"ஏன் அண்ணே, குளிக்கலையா?" என்றேன், அவள் பின்னால் வந்து நின்ற அண்ணனிடம்.

"அதெப்படிம்மா குளிக்க முடியும்? வந்து நனைஞ்சு பாருன்னு அவனை வரச் சொல்லியிருக்கேன். அவன் வாரதுக்கு முன்னாடி நான் போயி நனையலாமா? அவன் நிக்கும்போது நானும் கூட நிக்கணும். அதான் மரியாதை."

"தண்ணி இப்பம் நல்லா விழுது. நாளைக்கு எப்படியோ."

"இருவது வருசம் பொறுத்தவனுக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாதா?"

சொல்லுங்கள், வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு பிறவி கிடைக்குமா? விருந்தாளிக்கு முன்னால் நாம் சாப்பாட்டில் கை வைக்க மாட்டோம், சரி. அருவியிலுமா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

சனிக்கிழமை மத்தியானம் மலையில் மழை பிடித்தது. சும்மா சாரல் இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. ஞாயிறு காலையில் எழுந்ததும் செல்லப்பாவுக்குப் போன் போட்டேன். செல்லப்பா மெயின் அருவிப் பக்கம் நேந்திரம் சிப்ஸ் போடுகிறவர். டிவி, வாட்ஸ்அப் எதையும் நாங்கள் நம்ப மாட்டோம். அருவி நிலவரத்துக்கு உள்ளூர்க்காரர்கள் ஒவ்வொருவரும் இப்படி ஒரு ஆள் வைத்திருப்போம்.

"அக்கா, ஆர்ச்சே தெரியல" என்றார் செல்லப்பா.

அருவிக்கு முன்னால் ஒரு வளைவு கட்டியிருப்பார்கள். தண்ணீர் அதைத் தாண்டி விழுந்தால் போலீஸ் ஒருத்தரையும் உள்ளே விடாது. தாண்டுவது என்ன, வளைவே கண்ணுக்குத் தெரியவில்லை என்றால்?

"ஐந்தருவி?"

"அடைச்சாச்சு. பழைய குத்தாலமும் அடைச்சாச்சு. புலியருவியிலே மட்டும்தான் விடுதாங்க. மொத்தக் கூட்டமும் அங்கனதான் நிக்கி."

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஷாஜியும் அவர் மனைவி பிந்துவும் அதற்குள் செங்கோட்டை தாண்டிவிட்டார்கள்.

வந்து இறங்கி, விஷயத்தைக் கேட்டதும் ஷாஜி சிரித்த சிரிப்பு! "கொள்ளாம், நல்லாயிருக்கு இக்கா. நான் வந்தப்போ வெள்ளம் இல்லை. இப்போ வெள்ளம் கூடிப்போச்சு. குளிக்கிறதுக்கு மட்டும் வழியில்லை, அல்லே?" நல்ல மனிதர்தான். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் காதர் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எங்கள் வீட்டு ஹாலில் அவசரக் கூட்டம். "பழைய குற்றாலத்தை முதல்ல திறப்பாங்க" என்றார் என் வீட்டுக்காரர். அவர் எப்போதும் பழைய குற்றாலம் கட்சி. நூர் மதினி, "பேசாம புலியருவிக்குப் போயிருவோம். கிடைச்சதுல நனைஞ்சிட்டுக் கிளம்பட்டும்" என்றாள்.

புலியருவிக்குப் போய்விட்டு, மெயின் அருவியைத் திறந்தால் அங்கேயும் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சீசன் ஞாயிற்றுக்கிழமையில் குற்றாலம் ரோட்டைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். புலியருவி வரிசையிலேயே பொழுது போய்விடும். அதற்குள் மெயின் அருவியைத் திறந்தால், நாம் போய்ச் சேரும்போது வரிசை பஜாரைத் தாண்டி நிற்கும். ஒன்றுக்குத்தான் போக முடியும். புலியருவி என்றால் நிச்சயம் நனையலாம், ஆனால் அது ஷாஜிக்குக் காட்டுவதற்கான அருவி இல்லை. மெயின் அருவியில் காத்திருந்து, திறக்காமலே போய்விட்டால்? அண்ணன் காய்ந்த தலையோடு பிளைட் ஏற வேண்டும். அடுத்த சீசன் லீவு எந்த வருஷமோ!

காதர் அண்ணன் என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா கோமதி. ஊருக்கெல்லாம் சொல்லுதியே."

வாசலுக்குப் போய் மேற்கே மலையைப் பார்த்தேன். மேகம் உச்சியை விட்டுக் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. விடிந்ததில் இருந்து பெரிய மழை இல்லை. இப்படியே இருந்தால் மத்தியானத்துக்கு மேல் வேகம் தணியும். இப்படியே இருந்தால்...

"மெயின் அருவி" என்றேன். வாய் சொல்லிவிட்டது. நூர் மதினி பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

போய் நின்றோம். தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் மனிதத் தலை. அந்தப் பக்கம்... என்னவென்று சொல்வேன்? பாறையே இல்லை. மலை முழுக்கத் தண்ணீர், செம்மண் நிறத்தில், ஒரே வீழ்ச்சியாக. பஜார் வரைக்கும் தூவானம். பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். இதே ஊரில் பிறந்த எனக்கே உடம்பு சிலிர்த்தது.

நான் அருவியை விட ஷாஜியைத்தான் அதிகம் பார்த்தேன். படம் எடுக்கப் போனை நீட்டினார். துடைத்தார். மறுபடி நீட்டினார். அப்புறம் பாக்கெட்டில் வைத்துவிட்டுச் சும்மா நின்றார். டாங்க் வழிகிறதா, பேசுங்களேன் என்று கேட்க நாக்கு துடித்தது. விருந்தாளி ஆயிற்றே!

நூர் மதினி கட்டிக்கொண்டு வந்த நெய்ச்சோற்றைக் காருக்குள் உட்கார்ந்தே சாப்பிட்டோம். மறுபடி வந்து நின்றோம். மணி ஆகிக்கொண்டே போனது. புலியருவிக்குப் போனவர்கள் ஈரத் தலையும் சிரிப்புமாகத் திரும்பி வருவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

"சேச்சி, திறக்குமோ?" என்றாள் பிந்து.

"திறப்பாங்க" என்றேன், சாவி என் இடுப்பில் இருக்கிற மாதிரி!

காதர் அண்ணன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைத் தோளில் போட்டு, கம்பியைப் பிடித்தபடி அருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நாலு மணிக்கு மேல் இருக்கும். இரைச்சல் கொஞ்சம் மாறியது. என் பிரமையோ என்று அண்ணனைப் பார்த்தேன். அவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார். உள்ளூர்க் காது! கொஞ்ச நேரத்தில் வளைவின் ஒரு ஓரம் தெரிந்தது. பிறகு மறு ஓரம். ஒரு இன்ஸ்பெக்டர் உள்ளே போய்ப் பார்த்தார், வந்தார், மறுபடி போனார்.

மைக் கரகரத்தது. "ஆண்கள் வரிசையாக வரவும்... சோப்பு, ஷாம்பு போடக் கூடாது... ஓரமாக நின்று மட்டும் குளிக்கவும்..."

விசில்! பெண்கள் பக்கமும் திறந்தார்கள். பிந்து ஓடினாள். நானும் நூர் மதினியும் போகவில்லை. ஆண்கள் பக்கம் தெரிகிற மாதிரி ஒரு இடம் பிடித்து நின்றுகொண்டோம்.

முதல் ஆட்களில் ஷாஜியும் அண்ணனும். தண்ணீர் விழும் இடத்துக்கு ஒரு எட்டு முன்னால் போய் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். அண்ணன் ஷாஜியை முன்னால் தள்ளுகிறார். ஷாஜி அண்ணனைத் தள்ளுகிறார். அங்கே ஷாஜி என்ன சொன்னார் என்பதைப் பிந்து அப்புறம் எங்களிடம் சொன்னாள்... "நான் மலைக்கு அப்புறம்தானே இருக்கேன், எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரலாம், இக்கா முதல்ல உள்ளே கேறட்டும்" என்று. அண்ணன் விடுவாரா? பின்னால் நின்ற போலீஸ்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"யோவ், ரெண்டு பேரும் சேந்து போங்கய்யா! பின்னால ஊரே நிக்கி!"

சேர்ந்தே போனார்கள்.

தண்ணீர் அண்ணனின் தலையில் விழுந்ததும் குனிந்தார். ஒரு கணம் ஆளே தெரியவில்லை. பிறகு மெதுவாக நிமிர்ந்து, இரண்டு கையையும் பாறையில் ஊன்றி, வாயைத் திறந்துகொண்டு நின்றார். கத்துகிறாரா, சிரிக்கிறாரா? யாருக்குக் கேட்கும்!

"பாருட்டீ, சின்னப் புள்ளையாட்டம் நிக்கதை" என்றாள் நூர் மதினி. பிறகு சொன்னாள்: "இத்தனை வருசத்துல இவரை இங்கன நனைஞ்சு நான் பாத்ததே இல்லட்டீ."

அந்த நேரத்தில் இந்த ஊரில் பிறந்ததற்காக நான் பட்ட பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

விசில் ஊதியும் அண்ணன் வரவில்லை. இரண்டாம் விசிலுக்கும் வரவில்லை. போலீஸ்காரர் கையைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்.

கார் கிளம்பும் நேரம். செல்லப்பா கடைச் சிப்ஸ் டிக்கியில் ஏறிவிட்டது. நூர் மதினி, "சளி பிடிச்சா அங்க யாரு பாப்பா?" என்று திட்டிக்கொண்டே அண்ணனின் தலையைத் துவட்டினாள். ஷாஜி பல் கிடுகிடுக்க நின்றார். அருவி எப்படி என்று மட்டும் சொல்லவே இல்லை. அண்ணனுக்குத் தாங்கவில்லை.

"என்னலே ஷாஜி, ஒண்ணும் சொல்லமாட்டேங்கிறே?"

"என்ன சொல்ல? இத்தனை வருஷம் நீங்க ரூமிலே எல்லாரையும் ஏமாத்தியிருக்கு இக்கா."

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு ரத்தம் கொதித்தது. இவ்வளவுக்கும் பிறகுமா!

ஷாஜி அருவிப் பக்கம் கையை நீட்டினார். "இதில் பாதிகூட நீங்க சொல்லலை!"

தென்காசிக்காரன் தன் அருவியைப் பற்றிக் குறைத்துச் சொல்லிவிட்டான் என்று ஒரு புகார் எழுந்து, என் ஆயுசில் நான் கேட்டது அன்றைக்குத்தான். காதர் அண்ணன் மறுக்கவே இல்லை!