நாலு டப்பா குளோரின்

ஜூலை 4: 2,150
ஆகஸ்ட் 4: 2,150
செப்டம்பர் 5: 2,150

மூன்றும் தபாலில் வந்த தொகைகள். அனுப்பியவன் கூடப் பிறந்த தம்பி. பெற்றுக்கொண்டவர் ஒரு விடுதியின் நீச்சல் குளத்தை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துவரும் குளத்துக்காரர். குளோரின் தெறித்து வெளுக்காத சட்டை அவரிடம் ஒன்றுகூடக் கிடையாது. அவர் கோபம் தெறிக்காத ஆளும் கிடையாது.

ஜூன் மாதம் அவர் மூன்று நாள் வெளியூர் போனார். குளம் தம்பி கைக்கு வந்தது. தண்ணீர் லேசாகப் பச்சை தட்டவும் அவன் பதறிப்போய் ஒரு டப்பா குளோரினை முழுசாகக் கொட்டினான். பிறகு சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து மாத்திரை போட்டான். குளோரின் இருந்தால் ரோஜா நிறம் வர வேண்டும். வரவில்லை. இன்னொரு டப்பா கொட்டினான். அப்போதும் வரவில்லை. இப்படியே நாலு டப்பா போயிற்று.

திரும்பி வந்த குளத்துக்காரர் குளோரின் கடைக்காரர் நீட்டிய நாலு டப்பா பில்லைப் பார்த்தார். நேரே போய்ச் சோதனைக் குழாயில் குளத்துத் தண்ணீர் மொண்டு மாத்திரை போட்டார். வெறும் தண்ணீர் போல நிறமே இல்லை. குளத்தைப் பூட்டினார். கோபத்தில் அவருக்கு மூக்குகூட வேலை செய்யவில்லை.

"நாலு டப்பாவும் எங்கடா? எவன்கிட்ட வித்த?"

"கொட்டினேண்ணே. சத்தியமா எல்லாத்தையும் கொட்டினேன்."

"கொட்டினது ஆவியாப் போயிடுச்சா? திருட்டுப் பயலே!"

வேலைக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பி சாவியை அவர் காலடியில் எறிந்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை ஏணியில் கட்டியிருந்த நீலத் துணி, தண்ணீரில் நனைந்த பாதி மட்டும் வெள்ளை வெளேரென்று கிடந்தது. அதைப் பார்த்ததும் குளத்துக்காரர் சோதனைக் குழாயை மறுபடி எடுத்தார். ஒரு பங்கு குளத்து நீரில் பத்துப் பங்கு குடிநீர் கலந்து மாத்திரை போட்டார். ரோஜா நிறம் குப்பென்று பொங்கியது. குளோரின் அளவுக்கு மீறினால் சோதனை நிறத்தையே வெளுத்துவிடும். அவருக்குத் தெரிந்த சங்கதிதான். நாலு டப்பாவும் குளத்திலேயே இருந்தது.

தம்பி வீட்டுக் கதவைப் போட்டு இடித்தார்.

"யாரு சார் நீங்க?" என்றான் தம்பி, ஜன்னல் வழியாக.

"சாரா? செருப்பு பிஞ்சிடும்! ஆமாடா, நான்தான் மடையன். திற கதவை!"

"மன்னிப்புக் கேக்கறதைக்கூட அதட்டித்தான் கேப்பீங்களா? மாசம் ஒரு டப்பாக்குக் காசு வந்துடும். கிளம்புங்க சார்."

சொன்னபடியே பணம் வந்தது, கூடவே ஒரு வரிக் கடிதம்: 'முதல் டப்பா.' 'இரண்டாம் டப்பா.' 'மூன்றாம் டப்பா.' அவர் திருப்பி அனுப்பிய பண உறை பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது.

"இப்படித் தபால்ல அடிக்கிறானே!" என்று வீட்டில் கத்தினார்.

"நீங்க பத்துப் பேர் முன்னாடி அடிச்சீங்க. அவன் தனியாத்தானே அடிக்கிறான்," என்றாள் மனைவி.

கடைசிக் கடிதத்தில் மட்டும் கூடுதலாக ஒரு வரி இருந்தது: 'நாலாம் டப்பா. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.' அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது வந்தது அக்டோபர் 4.