விபத்து வாழ்க

ஒரகடத்தில் கார் கதவுக்கு ரப்பர் மாட்டும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த ஆளாக இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். திருப்பூர், ஓசூர், நடுவில் ஒரு இறால் பண்ணை என்று சுற்றியிருக்கிறேன். எல்லா ஊரிலும் கையைத்தான் கேட்டார்கள். இங்கேதான் உற்சாகத்தையும் சேர்த்துக் கேட்டார்கள்.

காலை ஷிப்ட் தொடங்குமுன் வரிசையில் நிற்க வேண்டும். சூப்பர்வைசர் "தரம்!" என்பார். நாங்கள் "நம் உயிர்!" என்று கத்த வேண்டும். அவர் "விபத்து!" என்றால் நாங்கள் "வேண்டாம்!" பிறகு அவர் ஆளாளுக்கு இன்வால்வ்மென்ட் மார்க் போடுவார். நின்று நின்று வீங்கிய காலுக்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

"இன்னாபா, வாய்ல கொழுக்கட்டையா?" என்பார் என்னிடம். "பாஸ் வோணுமா, வோணாமா?"

எனக்கும் என் அறைக்கூட்டாளியான ஓர் அண்ணனுக்கும் அந்த மாதத்தோடு கேட் பாஸ் முடிந்தது. புதுப்பித்தால்தான் வேலை. எனக்குக் கவலையில்லை, மூட்டை சிறியது. காஞ்சிபுரம் பக்கத்துக்காரரான அந்த அண்ணனுக்கு அப்படியில்லை. மனைவிக்கு எட்டாம் மாதம். பாஸ் இருக்கும்வரைதான் ஆஸ்பத்திரி அட்டை செல்லும். அவர் மாட்டிய ரப்பர் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நான் கோணலாக மாட்டியதையும் அவர்தான் சரிசெய்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் தங்கியிருந்த லாட்ஜ் வாசலுக்குக் கட்சிக்கூட்டத்துக்கு ஆள் ஏற்ற வேன் வந்தது. பிரியாணி உண்டு என்றார்கள். எங்கள் லைனில் அண்ணனைத் தவிர எல்லோரும் ஏறினோம். அவர் மனைவியைப் பார்க்கப் போய்விட்டார். எந்தக் கட்சி என்று கேட்டவனைப் பார்த்து வேனே சிரித்தது.

மைதானத்தில் ஒருவர் எங்களுக்குப் பாடம் எடுத்தார். "மைக்ல இன்னா சொன்னாலும் வாழ்கன்னு கத்தணும். யோசிக்காதீங்க, யோசிச்சா லேட்டாவும்." யோசிக்கவில்லை. "மைக் டெஸ்டிங்" என்றதற்கும் வாழ்க போட்டோம்.

மறுநாள் காலை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். தமிழ் தெரியாதவர். போனில் வீடியோ எடுத்துக்கொண்டே நின்றார். சூப்பர்வைசர் கழுத்து நரம்பு புடைக்க "தரம்!" என்றார்.

"வாழ்க!" என்றேன். நேற்றைய தொண்டை. வேனில் வந்தவர்களும் கூடவே கத்தினார்கள். சூப்பர்வைசர் முழித்தார். அதிகாரி முன்னால் நிறுத்தவும் முடியாது.

"விபத்து!"

"வாழ்க!" கூரை அதிர்ந்தது. அண்ணன் மட்டும் தனியாக, தெளிவாக, "வேண்டாம்!" என்றார்.

அதிகாரிக்குப் புல்லரித்துவிட்டது. எல்லா லைனும் இப்படி இருக்க வேண்டும் என்று என் தோளைத் தட்டினார். பிறகு வீடியோவை ஓட்டிப் பார்த்து, இந்த ஒரு குரல் என்ன சொல்கிறது என்று கேட்டார். முழுதும் விளக்கினால் நாங்கள் எதை வாழ்த்தினோம் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே சூப்பர்வைசர், "வேண்டாம் என்கிறான்" என்பதை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார்.

மாதக் கடைசியில் எனக்கு முழு மார்க், புதுப் பாஸ். அண்ணனுக்கு இல்லை. இன்வால்வ்மென்ட் போதாதாம்.

"சார், நான் கரெக்டாத்தானே சொன்னேன்?" என்று கேட்டார்.

"யாரு இல்லன்னாங்க? தனியா சொன்னியே, அதான்."

நான் குறுக்கே போனேன். "தப்பா கத்துனது நான்தான் சார்."

"எனுக்குத் தெரியாதா? வீடியோ எல்லா பிளான்ட்டுக்கும் பூட்ச்சி. வாய மூடிக்கினு கத்து, போ."

அன்று மாலை அண்ணன் பையைக் கட்டினார். பென்னலூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். பஸ் ஏறுமுன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அங்க காலைல இன்னா கத்துறானுங்கன்னு யார்னா தெரிஞ்சவன் இருந்தா கேட்டுச் சொல்லுபா."