தம்பியின் வெள்ளிக்கிழமைப் புள்ளி

பெயரை எழுதினால் லோரி வரும். ஜப்பான்காரன் காலத்தில், கிள்ளானுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் நன்றாகப் படித்து வைத்திருந்த பாடம் அது ஒன்றுதான். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஒரு தாளில் என் மாமாவின் பெயரை எழுதினார். மறுவாரமே லோரி வந்து, போனவர்கள் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அதன்பிறகு யார் பென்சிலைக் கையில் எடுத்தாலும் யார் பெயரை எழுதுகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பேன்.

தோட்டப் பள்ளிக்கு ஒரே வாத்தியார். காகிதத்துக்குப் பஞ்சம் என்பதால், அலமாரிக் கதவின் உட்புறத்தில் பிள்ளைக்கு ஒரு கோடு கிழித்திருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஆளுக்கு ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். திக்காமல் எத்தனை வரி வாசித்தோமோ, அந்த உயரத்தில் சாக்கட்டியால் ஒரு புள்ளி. மூன்று வாரம் புள்ளி ஏறாதவர்களின் பெயரை எழுதிக் கிராணியிடம் கொடுக்கப்போவதாக ஒருநாள் சொன்னார். ஏன் என்றும் சொல்லியிருப்பார். கிராணி என்றதற்குப் பிறகு என் காதில் ஒன்றும் விழவில்லை.

தம்பிக்கு எட்டு வயது. அவன் புள்ளி இரண்டு வாரமாக இரண்டாம் வரியிலேயே உட்கார்ந்திருந்தது. பாவி, எழுத்தைக் கண்டாலே பேயைக் கண்ட மாதிரி விழிப்பான். வகுப்புக்கு இருந்ததோ ஒரே புத்தகம். மூன்று வயது மூத்தவளான நான் அதை என்றோ முடித்திருந்தேன். அடுத்த வெள்ளிக்கு எந்தப் பக்கம் என்பதும் தெரியும். காதில் ஓதி ஓதி, தொடையில் கிள்ளிக் கிள்ளி, அதை அவனுக்கு மனப்பாடமாக்கினேன்.

வெள்ளிக்கிழமை புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தான். புள்ளி பன்னிரண்டாம் வரிக்குத் தாவியது.

“எப்படிடா?” என்றார் வாத்தியார்.

“வீட்ல படிச்சான் சார்,” என்று நான் முந்திக்கொண்டேன்.

ஆறு பெயர்கள் கிராணியிடம் போயின. தம்பியின் பெயர் இல்லை. அந்த ஆறு பேரும் மத்தியானத்துக்கு மேலும் பள்ளியிலேயே தங்கினார்கள். வாத்தியார் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசிக்கவைத்தார். கிராணி அனுப்பிய மரவள்ளிக்கிழங்கை அவித்தும் கொடுத்தார்.

“நானும் போறேன்க்கா. கெழங்கு குடுக்குறாங்க,” என்று தம்பி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“வாய மூடு! வெட்டப்போற ஆட்டுக்குத் தழை போடுறாங்கடா,” என்று அவனை இழுத்துக்கொண்டு வந்தேன்.

இன்று வரும், நாளை வரும் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்த லோரி வரவே இல்லை. வந்தாலும் வரும் என்று வெள்ளிக்கு வெள்ளி ஓதுவதையும் நான் விடவில்லை. சண்டை முடிவதற்குள் அந்த ஆறு பேரும் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தார்கள். என் தம்பி, பேரன் எடுத்த பிறகும், தன் வீட்டுக்கு வரும் கடிதங்களை என்னிடம்தான் கொண்டுவருகிறான்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? ஒருநாள் மத்தியானம் எங்களைக் கூட்டிப்போக வந்த அப்பாவிடம் வாத்தியார் அலமாரிக் கதவைத் திறந்து காட்டினார்.

“இவனப் பத்திக் கவலையே படாதீங்க. இவனுக்கு நான் தேவையே இல்ல.”

அப்பாடா என்று இருந்தது எனக்கு. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் குதித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.