ஏரிக்காரரின் முடிச்சு

போலாரத்தில் ராணுவ அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர் எட்வர்ட். ஞாயிறு என்றால் காலை ஆராதனை, அது முடிந்ததும் ஹுசைன் சாகர். இருபது வருடமாக அந்த ஏரியில் பாய்ப்படகு ஓட்டுகிறார். ஐம்பத்தாறாவது வயதில் நாலு நாள் விடுப்பு எடுத்து, மனைவி மெட்டில்டாவுடன் கொச்சிக்கு வந்தார். ஒரு சின்னப் படகை வாடகைக்கு எடுத்து ஊரைச் சுற்றுவதாகத் திட்டம்.

படகுக்குச் சொந்தக்காரர் மணிவண்ணன், தூத்துக்குடிக்காரர். "கடல்ல ஓட்டியிருக்கீயளா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"இருபது வருஷமா பாய்ப்படகுதான்" என்றார் எட்வர்ட். மெட்டில்டா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

மறுநாள் காலை பழைய கோட்டைப் பக்கத்துப் படித்துறையில் படகை நிறுத்தினார்கள். ஏரியில் கட்டுவதைப் போலவே, எட்வர்ட் கயிற்றை ஒரு சாண் இடம்கூட விடாமல் இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டார். பிறகு ஊருக்குள் நடந்தார்கள். சுக்கும் மிளகும் மணக்கும் பழைய கிட்டங்கிகள், ஓடு வேய்ந்த சந்துகள். மெட்டில்டா பழைய தேவாலயத்துக் கல்லறைக் கற்களில் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பாவம், இருபத்திநாலு வயசுல போயிட்டாரு. கடல் தாண்டி எதுக்கு வரணும்?"

மதியம் இன்னொரு படித்துறைப் பக்கமாக வந்தபோது எட்வர்ட் நின்றுவிட்டார். காலையில் இந்த வழியாக வந்தபோது மூன்று படிதான் தெரிந்தது. இப்போது ஏழு. கீழ்ப்படிகளில் பச்சைப் பாசி ஈரமாக மின்னியது.

"மெட்டி, தண்ணி இறங்கிடுச்சு."

"இறங்கினா என்ன?"

"நம்ம படகு இறங்க முடியாது. கயிறு விடாது. தொங்கும்!"

ஹுசைன் சாகரில் ஏற்றமும் வற்றமும் கிடையாது; தண்ணீர் ஒரு நாளும் அப்படிக் காலுக்கடியிலிருந்து நழுவியதில்லை. இருவரும் ஆட்டோவில் ஏறினார்கள். படகு கவிழ்ந்து கிடக்குமா, கயிறு கட்டிய கொக்கி பெயர்ந்து எங்கோ மிதந்து போயிருக்குமா? மணிவண்ணனுக்கு என்ன பதில் சொல்வது? மெட்டில்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹவ், சரி, பொறுங்க. முதல்ல பாப்போம்."

கோட்டைப் படித்துறையில் படகு நேராக, நிதானமாக மிதந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மணிவண்ணன் தண்ணீர்க் கேனோடு உட்கார்ந்திருந்தார்.

"கேனு குடுக்க வந்தேன். கயிறு கொஞ்சம் இழுத்துக்கிட்டு நின்னுது அண்ணாச்சி. தளர விட்டுட்டேன்."

எட்வர்டுக்கு மூச்சு வந்தது. சேதம் ஒன்றுமில்லை, இத்தோடு பேச்சை முடித்துவிடலாம். மெட்டில்டா அப்போதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணிவண்ணன், நான் ஓட்டினது எல்லாம் ஏரியில. கடல்ல ஒரு நாள்கூட இல்ல. சொல்லாம விட்டது தப்பு. படகைத் திருப்பி எடுத்துக்கோங்க."

மணிவண்ணன் சிரித்தார். "முடிச்சப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு. நல்ல முடிச்சு! பிரிக்கக் கால் மணி நேரமாச்சு. படகு இருக்கட்டும். கடலுக்குப் போவாம காயலுக்குள்ளயே ஓட்டுங்க, கட்டும்போது ரெண்டு முழம் தளர விடுங்க."

எட்வர்ட் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தச் சர்ச்ல பாதிக் கல்லுதான் படிச்சேன்" என்றார் மெட்டில்டா. "திரும்பிப் போலாமா?"

"போலாம்." எழுந்தவர், கிளம்புமுன் கயிற்றை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். ரெண்டு முழம் தாராளமாக இருந்தது.