காரணம் எழுதத் தெரியாத கணக்கர்

மருந்து மொத்த வியாபாரக் கடையில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு எழுதுகிற அந்த அம்மாளுக்கு ‘கால்குலேட்டர் அக்கா’ என்றே பெயர். நீளமான பில்லை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்ப்பார். கூட்டுத்தொகை வாயில் வந்துவிடும். அப்பேர்ப்பட்டவர் கணக்காளர் தேர்வின் முதல் பேப்பரில் இரண்டு முறை மண்ணைக் கவ்வினார்.

இரண்டாம் முறை மதிப்பெண் பட்டியலை வரி வரியாகப் பார்த்தார். கணக்கு போடும் பகுதியில் முழு மதிப்பெண். நான்கில் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் பாதி. ‘காரணம் எழுதுக’ பகுதியில் நாற்பதுக்கு ஒன்பது.

“கணக்கு தெரியாம தோக்கலைங்க. கேக்குற விதத்துக்குத் தக்கபடி சொல்லத் தெரியல,” என்றார் கணவரிடம்.

நான்கு விடை கொடுத்துக் கேட்கும் கேள்வியையும் முழுசாகப் போட்டுப் பார்த்து நேரத்தைத் தொலைத்துவந்தவர், பொருந்தாத இரண்டு விடைகளை முதலில் அடித்துவிடப் பழகினார். வேலைக்குப் போகிற பஸ்ஸில் தினம் இருபது கேள்வி. அந்த மும்முரத்தில் இரண்டு தடவை இறங்க வேண்டிய இடத்தையே கோட்டைவிட்டார்.

காரணம் எழுதுவதுதான் பிடிபடவில்லை. கணவர் முடிதிருத்துகிறவர். “ஞாயித்துக்கிழமை காலையில கடைக்கு வா. நாற்காலியில இருக்கிறவருக்குப் புரியுற மாதிரி சொல்லிப் பாரு,” என்றார். கழுத்தில் கத்தி இருக்கும்போது யாரும் எழுந்து ஓட முடியாதே!

முதலில் மாட்டியவர், அக்கா தேர்வில் தோற்ற கதை தெரிந்த ஒரு பஸ் டிரைவர். முகமெல்லாம் சோப்பு நுரை.

“வாங்கின வண்டியோட விலையை ஒரே வருஷத்துச் செலவா எழுதக் கூடாது,” என்று படித்தார் அக்கா.

“ஏன்?”

“விதி அப்படிங்க.”

“விதின்னா அழுதுட்டுப் போக வேண்டியதுதான். காரணத்தைச் சொல்லுங்கம்மா.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. “உங்க பஸ் எத்தனை வருஷம் ஓடும்?”

“பன்னெண்டு வருஷம் தாங்கும்.”

“பன்னெண்டு வருஷம் சம்பாதிச்சுத் தர்ற வண்டிக்கான செலவை முதல் வருஷத் தலையிலயே கட்டினா, அந்த வருஷம் மட்டும் நஷ்டம்னு பொய்யாத் தெரியும். மத்த வருஷமெல்லாம் லாபம் ஊதிப் போய்த் தெரியும்.”

“இதை அப்படியே எழுதியிருந்தா பாஸாகியிருப்பீங்களே!”

கணவர் கத்தியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, சொன்னதை வரி மாறாமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

ஏழு மாதம், ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் போனார். நாற்பத்து நாலு வயதில், பத்துப் பேர் நடுவே திக்கித் திணறிப் பேச அவர் கூச்சப்படவே இல்லை.

மூன்றாம் முறை தேறினார். காரணம் எழுதும் பகுதியில் முப்பத்தொன்று.

“அடுத்து என்ன?” என்றார் கணவர்.

“இன்னும் ரெண்டு பேப்பர் பாக்கி இருக்குங்க. நாளைக்கு ஆரம்பிக்கணும்.”

அன்று மதியம் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, அடித்துப்போட்டதுபோல் தூங்கினார்.