குளிர்ச்சிக்குத் தேய்த்த விளக்கெண்ணெய்

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் சடுகுடு ஆடித் தோற்றுவிட்டு, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடும் பஸ்ஸில் இருமிக்கொண்டே ராஜபாளையம் வந்து சேர்ந்தோம். ஆறுதல் சொல்ல யாரும் வர வேண்டாம்.

அவர்கள் பக்கம் வரதன் என்று ஒருவன். கழுத்திலிருந்து கணுக்கால்வரை விளக்கெண்ணெய் பூசிக்கொண்டு சடுகுடு பாடி வந்தான். மூன்று பேர் பாய்ந்து பிடித்தோம். மூன்று பேர் கையிலிருந்தும் வழுக்கிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டிவிட்டான்.

“எண்ணெய் எதுக்குலே?” என்றேன்.

“வெயிலு மண்டையப் பொளக்கு. உடம்புக் குளிர்ச்சிக்குத் தேச்சிருக்கேன். ஒனக்கு என்னலே?”

நடுவராக நின்ற டிரில் வாத்தியாரிடம் முறையிட்டேன். அவர் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்காரர்.

“சூட்டுக்கு மருந்து போட்டிருக்கான். அது தப்புன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? பிடிக்க ஏலலைன்னா ஒதுங்கி நில்லும்” என்றார்.

கடைசிவரை அவனை ஒருவராலும் பிடிக்க முடியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் வரதன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, எண்ணெயையெல்லாம் துண்டால் அழுத்தித் துடைத்தான். பிறகு, நான் நிற்பதைப் பார்க்காமல் சொன்னான்:

“அப்பாடா, இப்பத்தான் உடம்புல காத்துப் படுது. அம்புட்டு நேரமும் வெந்து செத்தேன்.”

பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தவர் டிரில் வாத்தியார்.

மறு ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை நம் ஊரில். இதை வாசகசாலைப் பலகையில், கீழே இடம் விட்டு ஒட்டியிருக்கிறேன். வரதன் களத்தில் இறங்குமுன் அவனுக்குச் சீயக்காய் தேய்த்துவிட யார் யார் வருகிறீர்கள்? பெயரை எழுதுங்கள். அதுவும் குளிர்ச்சிதானே.